ஆய்வின் நடுவில் மேட்லாப்பைப் புதிய பதிப்புக்கு மாற்றலாமா?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான். சேர்வராயன் மலையில் நான்கு காப்பித் தோட்டங்களின் மழைப் பதிவுகளை வைத்து ஆய்வு செய்கிறீர்கள். துறைக் கணினியில் இருப்பது மேட்லாப் என்ற கணக்கீட்டு மென்பொருளின் 2010பி பதிப்பு. மழையைப் பற்றிய இரண்டு அத்தியாயங்கள் முடிந்துவிட்டன. மலையில் பெய்யும் மழையிலிருந்து திருமணிமுத்தாற்றின் நீர்வரத்தைக் கணிக்கும் மூன்றாவது அத்தியாயம் பாதியில் நிற்கிறது. சமர்ப்பிக்க எட்டு மாதம் இருக்கிறது. இந்த நேரத்தில் கல்லூரி 2025ஏ பதிப்புக்கு உரிமம் வாங்கியிருக்கிறது. மாத இறுதிக்குள் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டுத் தருவதாக ஆய்வகத்தில் சொல்கிறார்கள். நெறியாளர் மாற்றச் சொல்கிறார், மூத்த ஆய்வாளர் ஒருவர் தொடவே வேண்டாம் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

புதியதைப் போடுங்கள். ஆனால் பழையதை எடுக்க விடாதீர்கள். மேட்லாப்பின் வெவ்வேறு பதிப்புகள் ஒரே கணினியில் தனித்தனிக் கோப்புறைகளில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்று மற்றதைக் கெடுக்காது. ஒரே ஒரு எச்சரிக்கை: பயனருக்கான மேட்லாப் கோப்புறையை இரண்டு பதிப்புகளும் பொதுவாகப் பயன்படுத்தும். அதில், மேட்லாப் திறக்கும்போதே தானாக ஓடும் ஸ்டார்ட்டப் கோப்பு ஏதாவது வைத்திருந்தால் இரண்டிலும் அது ஓடும், எனவே அதைத் திறந்து பார்த்துவிடுங்கள். வட்டில் இடமில்லை என்று ஆய்வகத்தில் சொன்னால், உங்கள் ஒரு கணினிக்கு மட்டுமாவது விலக்குக் கேட்டு நெறியாளர் கையெழுத்தோடு கடிதம் கொடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

சேலத்தில் ஒரு கல்லூரியின் கணிப்பொறி ஆய்வகத்தை இருபது ஆண்டுகளுக்கு மேல் பார்த்துக்கொண்டவன் நான். பதிப்பு மாறும்போது நின்றுபோகும் புரோகிராம்களைப் பற்றி எனக்குக் கவலை இருந்ததே இல்லை. சிவப்பு எழுத்தில் பிழை காட்டி நின்றுவிட்டால், நின்ற இடம் தெரிகிறது, உட்கார்ந்து சரிசெய்துவிடலாம். பயப்பட வேண்டியது, நிற்காமல் ஓடி முடித்து, பார்ப்பதற்கு நியாயமாகத் தோன்றும் வேறொரு எண்ணைத் தரும் புரோகிராமைப் பார்த்துத்தான். 2010பி-யிலிருந்து 2025ஏ-வுக்குத் தாவும்போது உங்கள் வேலையில் அப்படி நடக்கக்கூடிய இடங்கள் எனக்குத் தெரிந்து சில இருக்கின்றன.

முதலாவது, நானே மாட்டிக்கொண்டது. ஏற்காட்டுப் பக்கம் ஒரு தோட்டத்தின் மழைப் பதிவேட்டைக் கணினியில் ஏற்றிவைத்திருந்தேன். காலை 8:30-க்கு மழைமானியைப் பார்த்துக் கணக்கர் எழுதும் பதிவேடு. ஒரு நாள் தவறாக எழுதிவிட்டால் அவர் அதை அடிக்க மாட்டார். கீழே அதே தேதியைப் போட்டுச் சரியான அளவை மறுபடி எழுதுவார். ஆகவே ஒரே தேதி இரண்டு முறை வரும், இரண்டாவதுதான் சரி. இரட்டைத் தேதிகளை நீக்க ‘யூனிக்’ கட்டளையைப் பயன்படுத்தி, அது தரும் வரிசை எண்களை வைத்து மழை அளவுகளைப் பொறுக்கியிருந்தேன். பழைய பதிப்புகளில் அந்தக் கட்டளை, திரும்ப வரும் தேதிகளில் கடைசியாக வந்ததன் இடத்தைத் தரும். 2013ஏ பதிப்பிலிருந்து முதலில் வந்ததன் இடத்தைத் தருகிறது. பதிப்பு மாறியதும், கணக்கர் திருத்தி எழுதிய அளவுகள் எல்லாம் ஓசையில்லாமல் உதிர்ந்து, அவர் தவறு என்று ஒதுக்கியவை உள்ளே வந்துவிட்டன. புரோகிராம் ஒரு எச்சரிக்கைகூடக் காட்டவில்லை. ஆண்டு மொத்தம் கொஞ்சம் மாறியது. மலையில் ஆண்டுக்கு ஆண்டு மழை மாறுவது வழக்கம் என்பதால் அது கண்ணில் உறுத்தவில்லை. பழைய அச்சுப் பிரதி ஒன்று தற்செயலாகக் கையில் கிடைத்து, அதிலிருந்த மொத்தத்தோடு ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது.

உங்கள் தோட்டங்களின் பதிவேடுகளும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மருந்து எளிது: அந்தக் கட்டளைக்கு ‘லாஸ்ட்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துக் கொடுங்கள். அது 2010பி-யிலும் வேலை செய்யும், 2025ஏ-விலும் வேலை செய்யும், இரண்டிலும் ஒரே விடை. ‘லெகசி’ என்று போட்டால் பழைய வழக்கம் திரும்பும் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், ஆனால் 2010பி-க்கு அந்தச் சொல் தெரியாது, அங்கே நின்றுவிடும். இரண்டிலும் ஓடுவதையே எப்போதும் எழுதுங்கள். யூனிக் மட்டுமில்லை, இரண்டு பட்டியல்களின் பொதுப் பகுதியையும் வேறுபாட்டையும் எடுக்கும் அதன் உறவுக் கட்டளைகளும் அதே 2013ஏ-வில்தான் மாறின.

இரண்டாவது, இடையில் விட்டுப்போன அளவுகளை இட்டு நிரப்பும் ‘இன்டர்ப்-1’. அதில் ‘கியூபிக்’ என்று கொடுத்திருந்தால் கவனம். 2020பி-க்கு முன்பு வரை கியூபிக் என்றாலும் ‘பிசிப்’ என்றாலும் ஒன்றே. அந்த முறை, தரவு ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும், சமமாக இருந்தால் சமமாகவே நிற்கும். 2020பி-யிலிருந்து கியூபிக் என்ற அதே சொல் வேறொரு முறையைக் குறிக்கிறது. சம இடைவெளியில் நான்கு அளவுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: 0, 0, 0, 50 மில்லிமீட்டர். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுப்புள்ளியில் மழை எவ்வளவு? பழைய முறை 0 என்று சொல்லும். புதிய முறை 50-ஐ 16-ஆல் வகுத்து எதிர்க்குறி போட்டு மைனஸ் 3.125 என்று சொல்லும். மலையில் மைனஸ் மூன்று மில்லிமீட்டர் மழை! இதையாவது கண்டுபிடித்துவிடலாம். ஆனால் நம்மில் பலர் ‘பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் பூஜ்யமாக்கு’ என்று ஒரு வரியைப் புரோகிராமில் முன்கூட்டியே போட்டுவைத்திருப்போம். அந்த வரி எதிர்க்குறிகளை விழுங்கிவிடும். உச்சிப் பகுதிகளில் அளவுக்கு மேல் எழும்பியவை மட்டும் அப்படியே நிற்கும். மொத்த மழை கூடிப்போகும். அளவுகள் சம இடைவெளியில் இல்லாவிட்டால் அந்தக் கட்டளை தானாகவே ‘ஸ்ப்ளைன்’ முறைக்குப் போய்விடும், அது இன்னும் அதிகமாகவே துள்ளும்.

கியூபிக் என்று இருக்கும் இடமெல்லாம் பிசிப் என்று மாற்றிவிடுங்கள், இரண்டு பதிப்பிலும் ஒன்றே வரும். உண்மையைச் சொன்னால், மழையை இப்படி வளைகோட்டால் நிரப்புவதே எனக்கு உடன்பாடில்லை. வெப்பநிலைக்குப் பொருந்தும்; விட்டு விட்டுப் பெய்யும் மழைக்குப் பொருந்தாது. நெறியாளரிடம் இதைத் தனியாகப் பேசுங்கள்.

மூன்றாவது மாற்றம் உங்கள் முடிந்த அத்தியாயங்களைத் தொடாது. இனி எழுதப்போகும் அத்தியாயத்தில்தான் காத்திருக்கிறது. 2016பி-க்கு முன்பு, ஒரு நிரை அணியிலிருந்து ஒரு நிரல் அணியைக் கழித்தால், அளவுகள் பொருந்தவில்லை என்று மேட்லாப் மறுத்துவிடும். 2016பி-யிலிருந்து மறுப்பதில்லை. இரண்டையும் விரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒவ்வொன்றையும் கழித்து ஒரு முழு அணியைத் தந்துவிடும். 365 நாள் நீர்வரத்து நிரலாகவும் 365 நாள் கணிப்பு நிரையாகவும் இருந்தால், 365 வித்தியாசங்களுக்குப் பதிலாக 1,33,225 வித்தியாசங்கள் கிடைக்கும். தெரிந்து பயன்படுத்துபவர்களுக்கு இது அருமையான வசதி. தெரியாதவர்களுக்கு என்ன ஆகும்? கணிப்பின் பிழையை அளக்க வித்தியாசங்களை வர்க்கப்படுத்தி, எல்லாவற்றுக்கும் சராசரி எடுத்து, வர்க்கமூலம் காண்கிறீர்கள். உண்மை அளவு 10, 20, 30. உங்கள் கணிப்பும் 10, 20, 30. பிழை 0 என்று வர வேண்டும். ஒன்று நிரையாகவும் மற்றது நிரலாகவும் இருந்தால் ஒன்பது வர்க்கங்களின் கூட்டுத்தொகை 1,200, சராசரி 133.33, விடை 11.55.

கணிதத்தில் பழகியவர் என்பதால் இதையும் சொல்கிறேன். அப்படி வரும் எண், இரண்டு தரவுகளின் விலக்க வர்க்கச் சராசரிகளையும் இரண்டு சராசரிகளின் வித்தியாசத்தின் வர்க்கத்தையும் கூட்டி எடுத்த வர்க்கமூலம். எந்த நாளுக்கு எந்தக் கணிப்பு என்ற தொடர்பு அதில் முற்றிலும் அறுந்துபோகிறது. உங்கள் கணிப்பு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் மோசமாகவே காட்டும். நல்ல கணிப்பு மாதிரி ஒன்றை உருவாக்கிவிட்டு, அது சரியில்லை என்று நினைத்துத் தூக்கிப்போடுவீர்கள். 2010பி-யில் அந்த வரி ஓடியே இருக்காது. அதன் மறுப்பு நம்மைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. எனவே புதிய பதிப்பில் எழுதும்போது, கழிப்பதற்கு முன் இரண்டையும் நிரலாக்கும் ஒரு வரியைக் கை தானாக எழுதும் அளவுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தவை மட்டுமே. நீங்கள் பயன்படுத்தும் நூறு கட்டளைகளில் வேறு எவை மாறின என்பதை யார் உட்கார்ந்து படிப்பது? கோட்-கம்பாட்டிபிலிட்டி-ரிப்போர்ட் என்ற கட்டளை 2017பி முதல் இருக்கிறது. உங்கள் கோப்புறையைக் காட்டினால் கைவிடப்பட்டவை, நடத்தை மாறியவை என்று பட்டியல் போட்டுத் தரும். அதை அவசியம் ஓட்டுங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். உங்கள் தரவின் மேல் உங்கள் புரோகிராம் தரும் விடை மாறியதா என்பதை உங்கள் பழைய விடைதான் சொல்லும்.

அதனால் பழைய பதிப்பு கையில் இருக்கும்போதே இந்த வாரம் செய்ய வேண்டியது: ஒரு தோட்டம், ஓர் ஆண்டு எடுத்துக்கொள்ளுங்கள். வறண்ட மாதங்களும் வடகிழக்குப் பருவமழையின் கொட்டித் தீர்த்த நாட்களும், சில விடுபட்ட நாட்களும், இரட்டைத் தேதிகளும் உள்ள ஆண்டாகப் பாருங்கள். சுத்தமான ஆண்டு எதையும் காட்டிக்கொடுக்காது. அதை 2010பி-யில் ஓட்டி, முடிவை மட்டும் இல்லாமல் ஒவ்வொரு கட்டத்திலும் எண்களைச் சேமியுங்கள். படித்த பிறகு, இரட்டைத் தேதி நீக்கிய பிறகு, நிரப்பிய பிறகு, மாதவாரியாகக் கூட்டிய பிறகு, கடைசி விடை. எல்லாம் சாதாரண எழுத்துக் கோப்பாக, 17 இலக்கங்களோடு. மேட்லாப் வழக்கமாகப் பயன்படுத்தும் இரட்டைத் துல்லிய எண் எதுவானாலும் 17 இலக்கத்தில் எழுதினால் மறுபடி படிக்கும்போது அதே எண்ணாகத் திரும்பும். ‘வெர்’ கட்டளை தரும் பதிப்பு, துணைத் தொகுப்புகளின் பட்டியலையும் ‘டைரி’ மூலம் பதிந்து அதே கோப்புறையில் வையுங்கள். பிறகு புதிய பதிப்பில் அதே தரவை ஓட்டிக் கட்டம் கட்டமாக ஒப்பிடுங்கள். எந்தக் கட்டத்தில் முதன்முதலாக விலகுகிறதோ அங்கேதான் காரணம். நான் மூன்று வாரம் தேடியது, இப்படி வைத்திருந்தால் ஒரு மாலையில் முடிந்திருக்கும்.

ஒப்பிடும்போது இரண்டும் அச்சு அசலாக ஒன்றா என்று கேட்காதீர்கள். கணினி தசமங்களை ஏறத்தாழ 15, 16 இலக்கத் துல்லியத்தில்தான் வைத்துக்கொள்கிறது, கூட்டும் வரிசை மாறினால் கடைசி இலக்கம் மாறும். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டி அதோடு 0.3-ஐக் கூட்டினால் 0.6000000000000001, 0.2-ஐயும் 0.3-ஐயும் முதலில் கூட்டி 0.1-ஐச் சேர்த்தால் 0.6. புதிய பதிப்பு, கூட்டலைப் பல கருவகங்களுக்குப் பிரித்துக் கொடுத்து வேகமாகச் செய்யும்போது இது நடக்கத்தான் செய்யும். வித்தியாசத்தை அளவால் வகுத்துப் பாருங்கள். நூறு கோடியில் ஒரு பங்கைவிடச் சிறியது என்றால் விட்டுவிடலாம். மில்லிமீட்டரில் முதல் தசமத்தில் வித்தியாசம் வந்தால் அதற்கு நிச்சயம் ஒரு காரணம் இருக்கிறது.

நான்கு தோட்டங்களையும் சேர்த்து முதன்மைக் கூறு பகுப்பாய்வு, அதாவது பல தரவுகளின் பொதுவான ஏற்ற இறக்கத்தைச் சில கூறுகளாகச் சுருக்கும் முறை, செய்ததாக எழுதியிருந்தீர்கள். அங்கே ஒரு தனிச் சிக்கல். ஒரு கூறில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் எவ்வளவு எடை என்று சொல்லும் ஐகன் திசையனின் குறி, கணிதப்படி, எது வேண்டுமானாலும் இருக்கலாம். ஒரு பதிப்பில் எல்லாம் மிகையாகவும் அடுத்ததில் எல்லாம் குறையாகவும் வரலாம். விடை இரண்டும் சரியே. ஆனால் ‘முதல் கூறு மிகையாக இருந்தால் மழை மிகுந்த ஆண்டு’ என்று இரண்டாவது அத்தியாயத்தில் எழுதியிருந்தால், குறி மாறியதும் வறண்ட ஆண்டுகள் எல்லாம் ஈரமான ஆண்டுகளாகிவிடும். குறியைப் புரோகிராமிலேயே நிலைநிறுத்துங்கள்: உயரத்தில் உள்ள தோட்டத்தின் எடை எப்போதும் மிகையாக இருக்கட்டும் என்று ஒரு விதி போதும்.

நெறியாளர் சொல்லும் காரணத்துக்கு வருகிறேன். இந்திய வானிலைத் துறையின் கால் பாகை மழைத் தரவை மொத்தமாக ஏற்ற வேண்டும், பழைய பதிப்பில் நினைவகம் போதவில்லை என்கிறார். அந்தத் தரவு 135-க்கு 129 என்ற கட்டங்கள், அதாவது 17,415 இடங்கள். ஓர் ஆண்டின் நாள்வாரித் தரவு இரட்டைத் துல்லியத்தில் ஏறத்தாழ 51 மெகாபைட். 1901 முதல் 2020 வரை எடுத்தால் 6 கிகாபைட்டுக்கு மேல். குறைந்த நினைவகத்தையே பயன்படுத்தக்கூடிய 32-பிட் மேட்லாப்பில் அது ஏறவே ஏறாது. அவர் சொல்வது சரி. ஆனால் உங்களுக்கு இந்தியா முழுவதும் எதற்கு? கால் பாகை என்பது ஏறத்தாழ 27 கிலோமீட்டர். சேலம் நகரும் ஏற்காடும் ஏறக்குறைய ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். ஆண்டுக் கோப்பு ஒவ்வொன்றிலிருந்தும் அந்தக் கட்டத்தை மட்டும் எடுத்தால் 120 ஆண்டுக்கும் சேர்த்து 43,830 எண்கள், 350 கிலோபைட். 2010பி அதைத் தாராளமாகத் தாங்கும். அதைவிட முக்கியமாக, அடிவாரத்து நகரத்தையும் 1,500 மீட்டர் உயரத்து மலையையும் ஒரே எண்ணால் சொல்லும் தரவு, தோட்டத்து மழைமானிகளின் இடத்தைப் பிடிக்க முடியாது. உங்கள் ஆய்வுக்கு மதிப்பே அந்த நான்கு பதிவேடுகளால்தான். நினைவகத்துக்காக மட்டும் மாற்ற வேண்டியதில்லை.

மாற்றுவதற்கு வேறு நல்ல காரணங்கள் உண்டு. உங்கள் ஆய்வேட்டைப் படித்துவிட்டு நாளை ஒருவர் உங்கள் புரோகிராமை ஓட்டிப் பார்க்க விரும்பினால், அவரிடம் 2010பி இருக்காது. 2015பி-க்குப் பிறகு 32-பிட் விண்டோஸுக்கு மேட்லாப்பே வருவதில்லை. துறைக் கணினி ஒருநாள் பழுதாகும்போது பழையதை மறுபடி போட முடியுமா என்பதும் உறுதியில்லை. 2020ஏ முதல் கோப்புகள், எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கப்படுவதால் குறிப்புகளைத் தமிழிலேயே எழுதிவைக்கலாம். கணக்கர் பதிவேட்டின் ஓரத்தில் எழுதிய ‘மழைமானி சாய்ந்திருந்தது’ என்ற சொற்களை அப்படியே அந்த நாளின் பக்கத்தில் வைத்திருப்பது எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத் தெரியும்.

புதியது என்பதால் சரியாக இருக்கும், பழையது என்பதால் நம்பலாம் என்ற இரண்டு பேச்சையும் நான் ஏற்பதில்லை. 2007-இல் வந்த எக்செல், 850-ஐ 77.1-ஆல் பெருக்கினால் 65,535 என்று காட்டுவதற்குப் பதில் 1,00,000 என்று காட்டியது; முந்தைய பதிப்பில் அந்தக் கோளாறு இல்லை. மறுபுறம், மேட்லாப் நிறுவனம் ஒவ்வொரு பதிப்பிலும் கண்டுபிடித்த பிழைகளைப் பட்டியலாக வெளியிடுகிறது. நீங்கள் நம்பிக்கொண்டிருக்கும் பழைய கட்டளையில் பிறகு பிழை கண்டறியப்பட்டிருக்கலாம். உங்கள் முக்கியமான ஏழெட்டுக் கட்டளைகளின் பெயரைப் போட்டு அந்தப் பட்டியலில் தேடிப் பாருங்கள்.

முடிவு செய்யும் முறை இதுதான். இரண்டு பதிப்பிலும் விடைகள் ஒத்துப்போய்விட்டால், மூன்று அத்தியாயங்களையும் முதலிலிருந்து புதிய பதிப்பில் ஒருமுறை ஓட்டி, எல்லா அட்டவணைகளையும் படங்களையும் அதிலிருந்தே எடுங்கள். 2014பி-யில் வரைபட முறையும் வண்ண வரிசையும் மாறின, ஆகவே படங்களைக் கலந்து போட்டால் ஒரே மழை இரண்டு நிறத்தில் வரும். நான்கு வாரத்துக்குள் ஒத்துப்போகவில்லை என்றால், மூன்றாவது அத்தியாயத்தையும் 2010பி-யிலேயே முடித்துச் சமர்ப்பித்துவிட்டுப் பிறகு மாறுங்கள். இரண்டு அத்தியாயம் பழையதில், ஒன்று புதியதில் என்ற நிலைக்கு மட்டும் போகாதீர்கள். எந்தப் பதிப்பில் செய்தீர்கள் என்பதை ஆய்வேட்டின் முறையியல் பகுதியில் ஒரு வரி எழுதுங்கள்.

புள்ளியியல் துறை நண்பர் ஆர் மொழியில் இதையே செய்கிறார் என்றீர்கள். அவரிடம் சொல்லுங்கள்: 3.6.0 பதிப்பில், 2019-இல், தரவிலிருந்து தற்செயலாக மாதிரி எடுக்கும் கட்டளையின் உள்முறை மாறியது. ஒரே தொடக்க எண் கொடுத்தாலும் முன்பு வந்த மாதிரி வராது. பைத்தான் மொழியில் நம்பை என்ற கணக்கீட்டுத் தொகுப்பைப் பயன்படுத்துபவர்களுக்கு 2024-இல் வந்த 2.0 பதிப்பு இதுபோன்ற ஒரு தாண்டல். கல்லூரியை விட்டுப் போனபின் உரிமம் இருக்காது என்பதால், உங்கள் புரோகிராமை ஒருமுறை இலவச மென்பொருளான ஆக்டேவிலும் ஓட்டிப் பாருங்கள். மேட்லாப்பின் பெரும்பாலான அடிப்படைக் கட்டளைகளை அது அப்படியே ஏற்கும். மூன்றாவது சாட்சியாகவும் பயன்படும்.

ஒத்துப்போகாத எண் ஏதாவது வந்தால், எந்தக் கட்டத்தில் விலகியது என்பதோடு, அந்த நாளுக்கான தோட்டத்துப் பதிவேட்டின் பக்கத்தையும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். கணக்கரின் கையெழுத்தைப் படிப்பதில் எனக்கு நல்ல பழக்கம் இருக்கிறது.